நடுவில் ஒரு வாய்

நேர்முகத் தேர்வுக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். மின்விசிறிக் காற்றில் என் விண்ணப்பம் பறக்கப் பார்த்தது. அவர் அதன்மேல் தன் கைப்பையைத் தூக்கி வைத்தார்.

"மொழிபெயர்ப்பில முன் அனுபவம் ஏதும் இருக்கா?"

"இருக்கு மிஸ். பதினோரு வருசம்."

மூவரும் நிமிர்ந்தார்கள். எனக்கு முன்னால் போனவர்கள் யாரும் ஒரு வருடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"எங்க?"

"வீட்ல."

"எந்த மொழியிலருந்து எந்த மொழிக்கு?"

"தமிழ்லருந்து தமிழுக்கு."

ஓரத்தில் இருந்த சிங்கள டாக்டர், நான் என்ன சொன்னேன் என்று பக்கத்தில் கேட்டு அறிந்து, கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "விளக்கமா சொல்லுங்க" என்றார். சொன்னேன். முதலில் தமிழில், பிறகு டாக்டருக்காகச் சிங்களத்தில். எனக்குப் பின்னால் வரிசையில் இருந்தவர்கள் வெளியே என்னைத் திட்டித் தீர்த்திருப்பார்கள்.

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்தது எப்படி என்று சில வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். அன்று சொன்ன கதையையும் அதற்குப் பின் நடந்ததையும் இந்தக் கிழமைப் பத்தியில் உங்களுக்கும் சொல்கிறேன். அங்கே மானத்துக்குப் பயந்து விழுங்கிய ஓர் இடத்தை இங்கே விழுங்கவில்லை.

மூன்றாம் நாள் கிடைத்த பதவி

கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டி மஹய்யாவவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். மாமா நகரத்துத் தண்ணீர்க் குழாய் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மாமி இடியப்பம் அவித்து டவுன் கடைகளுக்குக் கொடுப்பார். என் கணவர் செல்வராஜ் கரண்ட் வேலை செய்பவர். முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று, அடுப்படி. முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் பலகைத் தடுப்பு. கதவு கிடையாது, பூப்போட்ட சீத்தைத் துணியில் ஒரு திரை.

கல்யாணத்துக்கு மூன்றாம் நாள் காலை. மாமி அடுப்படியில் இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மாமா முன்னறைக் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் இடையில் எட்டு அடி இருந்தால் அதிகம்.

"செல்வி, அந்த மனுசன்கிட்ட சொல்லு. திங்க வந்தா வரட்டும். வராட்டி கோழிக்குப் போட்டுருவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடி முன் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"சொல்லு" என்றார்.

"என்னத்த?"

"அம்மா சொன்னத. ரெண்டு பேரும் பேசிக்கிட்டு மூணு வருசமாச்சு. இவ்வளவு நாளும் நான் சொன்னேன். இனி நீதான்."

இதைப் பெண் பார்க்க வந்த அன்று சொல்லியிருக்க வேண்டாமா? மனுசன் வாயே திறக்கவில்லை. மணவறையில் மாமாவும் மாமியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆசீர்வாதம் பண்ணினார்கள், போட்டோ எடுத்தார்கள். ஒருவருக்கொருவர் பேசவில்லை என்பதைக் கல்யாண அவசரத்தில் நான் கவனிக்கவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனேன். மாமா பேப்பரை மடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மாமி சொன்னது முழுவதும் அவர் காதில் விழுந்திருக்கிறது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார். வந்து மூன்று நாள் ஆன மருமகள், மாமனார் முகத்தைப் பார்த்துக் கோழி என்று எப்படிச் சொல்வாள்?

"மாமா, சாப்பிட வாங்களாம். ஆறிப் போகுதாம்."

எழுந்து மேசைக்கு வந்தார். ஒரு வாய் வைத்துவிட்டு, "சம்பலா இது? உப்பளத்துல அள்ளிக்கிட்டு வந்தாளா?" என்றார். திரைக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது.

"மாமி, உப்பு ஒரு சிட்டிகை கொறஞ்சா இன்னும் நல்லா இருக்குமாம்."

"சரி, நாளைக்குப் பாத்துக்கிறேன்னு சொல்லு" என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. மறுநாள் சம்பலில் உப்பு சரியாக இருந்தது.

விழுந்தும் விழாத காது

அந்த வீட்டின் சட்டம் இதுதான். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் நேராக விழுந்தாலும், அது சொன்ன கணக்கில் சேராது. என் வாயால் வந்தால்தான் பேச்சு. அதற்கு முன் எதுவானாலும் காற்றோடு போனது.

எங்கள் ஆட்களிடம் இது புதிதில்லை. கோபித்துக்கொண்டவர்கள் சுவரைப் பார்த்துப் பேசுவார்கள், பூனையைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். ஆனால் அதெல்லாம் ஒரு கிழமை, மிஞ்சினால் தீபாவளி வரைக்கும். என் மாமனார் மாமியார் மாதிரி வருடக் கணக்கில் பிடிவாதமாக நின்றவர்களை நான் கண்டதில்லை.

நான் வேலையில் தேறிவிட்டேன். "செவிடனுக்கு ரேடியோ ஒரு கேடு" என்று மாமி சொன்னால், "மாமா, ரேடியோவை ஒரு புள்ளி கொறைக்கலாமாம், மாமிக்குத் தலவலியாம்" என்பேன். மாமா உடனே குறைப்பார். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு திரியிறா" என்று அவர் சொன்னால், "மாமி, ஒடம்புக்கு முடியலையான்னு மாமா கேக்குறாரு" என்பேன். மாமி, "ஒன்னுமில்லன்னு சொல்லு" என்பார். குரல் இறங்கியிருக்கும்.

பக்கத்து வீட்டு ஃபரீதா ராத்தா இதையெல்லாம் மதிலுக்கு அப்பாலிருந்து கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரிப்பார். "ஒனக்கு ஊட்டுக்குள்ளயே எம்பசி வேலை புள்ள" என்பார்.

நேர்முகத் தேர்வில் விழுங்கினேன் என்றேனே, அது இதுதான். சண்டைக்குக் காரணம் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருந்தார்கள். மாமியின் அண்ணன் கடுகண்ணாவையில் வீடு கட்டிக் குடிபோனபோது மாமா போகவில்லை, அந்தக் கோபம் என்று மாமா நினைத்துக்கொண்டிருந்தார். மாமி அதை மறந்தே போயிருந்தார். ஒரு கல்யாண வீட்டில் நாலு பேருக்கு முன்னால் மாமா, "ஒனக்கு ஒன்னும் தெரியாது, பேசாம இரு" என்று சொல்லிவிட்டாராம். "பேசாம இருன்னாரு, இருக்கேன்" என்றார் மாமி. "இத மட்டும் அவருகிட்ட சொல்லிராத" என்றும் சொன்னார்.

சொல்லாதே என்றதால் சொல்லவில்லை என்று ஊருக்குச் சொல்லலாம். உண்மை அதுமட்டுமில்லை. அந்த வீட்டில் நான் இல்லாமல் ஒரு பிளேன்டீகூட அடுப்படியிலிருந்து முன்னறைக்குப் போகாது. தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்த பெண், ஏழாவது பிள்ளை, எங்கள் வீட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நேரமிருந்ததில்லை. இங்கே காலை முதல் இரு பக்கமும் "செல்வி, செல்வி" என்று என் பெயர்தான். அது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே பிடித்திருந்தது.

பேச்சாளு

எங்கள் தோட்டத்தில் பேச்சாளு என்று ஒருவர் உண்டு. தொரையிடம் ஏதாவது கேட்கப் போனால், கல்யாணச் சம்பந்தம் பேசப் போனால், முன்னால் நிற்பவர் அவர். மற்றவர்கள் பின்னால் நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது.

நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் பேச்சாளு வீரையா மாமா. கொழுந்து மலையில் வெயில் கொளுத்தும் நாளிலும் ஒரு கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் ஆபீசுக்குப் போவார். ஒருமுறை லயத்துக் கூரை ஒழுகுவதைச் சொல்லப் போனார்கள். ஒழுகிய வீடு எங்களுடையது. அம்மா பின்னால் நின்றார். வீரையா மாமா கால் மணி நேரம் அழகாகப் பேசினார். மழையைப் பற்றிப் பேசினார், தோட்டத்தின் பெருமையைப் பேசினார். எங்கள் வீட்டுக் கூரையில் எந்தத் தகரம் ஓட்டை என்பதை மட்டும் சொல்லவில்லை, ஏனென்றால் அவருக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், ஆனால் அம்மா பேசக் கூடாது. ஆட்கள் வந்து வேறு ஒரு தகரத்தை மாற்றிவிட்டுப் போனார்கள்.

அந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் சட்டி வைத்துத்தான் படுத்தோம். அப்போதும் எனக்குப் பெரியவளானால் பேச்சாளு ஆக வேண்டும் என்றுதான் ஆசை. கோட்டுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கடிதத்தில் இருந்த சொல்

நேர்முகத் தேர்வு முடிந்து ஒரு மாதம் போல ஆனபின் கடிதம் வந்தது. வேலையின் பெயர் "உரையாடல் இணைப்பாளர்" என்று போட்டிருந்தது. வீட்டில் யாருக்கும் அந்தச் சொல் விளங்கவில்லை.

செல்வராஜ் சொன்னார், "இணைப்புன்னா கனெக்சன். ரெண்டு வயரையும் சேர்த்து டேப் சுத்துற வேலை."

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "குழாய் வேலைலதான் இணைப்புன்னு சொல்லுவோம். ரெண்டு குழாய்க்கும் நடுவுல சாக்கெட் போடுறது. ஒழுகினா சாக்கெட்டதான் திட்டுவாங்க."

திரைக்குப் பின்னாலிருந்து மாமி கேட்டார், "அப்ப இங்க செய்யிற அதே வேலைதானே? அதுக்கு எதுக்குப் புள்ள கண்டி ஆஸ்பத்திரி வரைக்கும் போகணும்?"

மேல் வீட்டில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்து டீச்சரிடம் கடிதத்தைக் கொண்டு போனேன். வாசித்துவிட்டு, "ஓம், நல்ல வேலை" என்றார். "இதுக்கு மூண்டு விதமாப் பொருள் கொள்ளலாம், செல்வி. ஒருத்தருக்காகக் கதைக்கிறது ஒண்டு. ரெண்டு பேருக்கு நடுவிலை நிண்டு கதைக்கிறது ஒண்டு. ஒருத்தரோடை ஒருத்தரா இருந்து கதைக்கிறதும் அதுதான். நீங்கள் முதல் ரெண்டும் நல்லாச் செய்வீங்கள்."

மூன்றாவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. படி இறங்கி வரும்போது யோசித்துப் பார்த்தேன். பதினோரு வருடத்தில் மாமாவிடம் நானாக, எனக்காக, என்ன பேசினேன் என்று ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. முதல் மூன்று மாதம் கொழும்பில் தங்கிப் பயிற்சி. சனி ஞாயிறு வீட்டுக்கு வரலாம். சம்மதம் என்றால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கண்டி அலுவலகத்தில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

செல்வராஜின் முகம் சுருங்கிப் போனது. "போகாத செல்வி. மூணு மாசம் இங்க யாரு பேசுறது? என்னால முடியாது. நான் மூணு வருசம் பட்டது போதும்."

"இந்த மாதிரி ஒரு வேலை எனக்கு இனிக் கெடைக்குமா?"

"அப்பாவுக்கு ஊசி யாரு போடுறது? அதையாவது யோசி."

மாமாவுக்குச் சீனி வருத்தம். மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். அவருக்குக் கண் மங்கல், ஊசியின் கோடுகள் தெரியாது. நான்தான் போட்டு வந்தேன். மகள் பாப்பாவுக்குப் பழக்கினால் என்ன என்றார் செல்வராஜ், ஊசிக்கும் சரி, பேச்சுக்கும் சரி. எங்கள் பாப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த அகப்பையைப் போட்டுவிட்டேன். "அவ பள்ளிக்கூடம் போகட்டும். அவளுக்கு இந்தப் பதவி வேணாம்" என்றேன். அதற்குமேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எங்களுக்கும் அந்த நோய் தொற்றிவிடுமோ என்று பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பகல்

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை. பாப்பா பள்ளிக்கூடத்தில், செல்வராஜ் வேலையில். போவதில்லை என்று முடிவு பண்ணிக் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். மாமாவுக்கு ஊசி போடும் நேரம். மருந்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். நான் மூக்கை உறிஞ்சியது மாமா காதில் விழுந்திருக்க வேண்டும்.

"ஒங்க மாமிகிட்ட சொல்லு" என்றார். "இந்தப் புள்ள போகணும்னு நான் சொன்னேன்னு சொல்லு. ஒரு வீட்டுச் சண்டைக்காக ஒரு புள்ளையோட வேலையக் கெடுக்கிறது பாவம்னு சொல்லு."

திரைக்குப் பின்னாலிருந்து உடனே வந்தது. "அந்த மனுசன்கிட்ட சொல்லு, நான் எப்ப வேணாம்னு சொன்னேன்? ஊசிக்கு வழி பண்ணச் சொல்லு. அவருக்குத்தானே வருத்தம், எனக்கா?"

வழக்கம் போல இருவரும் நிறுத்திக் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். மெதுவாக்கி, இனிப்பாக்கி, மாமி கவலைப்படுகிறார் என்று சொல்ல வேண்டும். சொற்கள் நாக்கு நுனி வரை வந்துவிட்டன. பதினோரு வருடப் பழக்கம் அல்லவா, தானாக வரும்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். திரை விலகி மாமியும் எட்டிப் பார்த்தார்.

"என்னது?"

"சொல்ல மாட்டேன் மாமி. எனக்கு அந்த வேலைக்குப் போகணும். ரொம்ப ஆசையா இருக்கு. ஒங்க ரெண்டு பேருக்கும் பேசிப் பேசி எனக்குன்னு பேசவே மறந்துட்டேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊசியையும் மருந்தையும் மேசையில் வைத்துவிட்டு, மாமாவுக்கும் மாமிக்கும் நடுவில் இருந்த என் இடத்தை விட்டு வாசல் பக்கம் போய் நின்றேன்.

அடுப்பில் சோறு கொதித்தது. சோறு ஆன பிறகும் மாமி அடுப்படிக்குத் திரும்பவில்லை. மாமா கதிரையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். சுவரில் மணி ஒன்றைத் தாண்டியது. ஊசி போடாமல் மாமா சாப்பிட முடியாது. சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும். இன்னும் ஐந்து நிமிடம் போனால் நானே ஓடிப்போய்ப் போட்டிருப்பேன், கையெழுத்தும் போயிருக்கும்.

மாமி முந்தானையில் கையைத் துடைத்தார். முன்னறைக்குள் வந்தார். மேசையிலிருந்து ஊசியை எடுத்தார். நான் மருந்து இழுப்பதை ஆயிரம் தடவை பார்த்தவர். மருந்தை இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கோட்டைப் பார்த்தார், காற்றைத் தள்ளினார். என்னிடம் நீட்டிக் காட்டினார், சரி என்று தலையசைத்தேன். மாமி மாமாவுக்கு முன்னால் போய் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"எங்க குத்தணும்?" என்றார் மாமி.

பதினான்கு வருடத்துக்குப் பிறகு கட்டிய மனைவி கேட்கிற முதல் கேள்வி.

"வயித்துல" என்றார் மாமா. "தொப்புளுக்கு ரெண்டு வெரல் தள்ளி."

"இங்கயா?"

"இன்னுங்கொஞ்சம். ஆங். பயப்படாத, குத்து."

மாமி குத்தினார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். வலியில் இல்லை, அந்த ஊசி வலிக்காது. மாமி ஊசியை எடுத்துவிட்டு, "போ புள்ள, கையெழுத்து வை" என்றார் என்னிடம். மாமா, "முச்சக்கர வண்டி புடி, பஸ்ஸ பாத்துக்கிட்டு நிக்காத" என்றார். யாரும் யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை.

அலுவலகத்தில் காத்திருந்து கையெழுத்து வைத்துவிட்டேன். முதலில் கொடுத்த பேனா எழுதவில்லை. அலுவலகத்து ஐயா வேறு பேனா தேடிக் கொடுத்தார். மூன்று மணி தாண்டியிருந்தது.

திரும்பி நடந்தே வந்தேன். எங்கள் ஒழுங்கைச் சந்துக்குள் திரும்பும்போதே வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. இரண்டு குரல்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒழுங்கை முழுக்கக் கேட்டன. "கல்யாண வீட்ல நாலு பேருக்கு முன்னால சொன்னீங்களா இல்லையா?" "எந்தக் கல்யாண வீடு? எப்ப சொன்னேன்?" "எப்பவா? எப்பன்னு கேக்குறீங்களா?"

ஃபரீதா ராத்தா தன் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

"எங்க புள்ள போனே? ஒங்கட ஊட்ல பெரிய சண்டை. ஒரு மணித்தியாலமா நடக்குது. உள்ளுக்குப் போய் நிப்பாட்டு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வாசற்படியில் அவரையும் உட்காரவைத்து நானும் உட்கார்ந்தேன். உள்ளே மாமியின் குரல் உடைந்து, அழுது, மறுபடி ஏறியது. மாமா ஏதோ சொன்னார். மாமி, "அத அன்னைக்கே சொல்லியிருக்க வேண்டியதுதானே" என்று கத்தினார். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

"சண்டை இல்ல ராத்தா" என்றேன். "பேசிக்கிட்டிருக்காங்க."